இடது இறக்கை ஏன் படபடத்தது: ஏலரான் சர்வோ பொருத்தியதில் ஒரு நிகழ்வு ஆய்வு

பால்சா மரத்தில் கட்டிய, ஒன்றரை மீட்டர் இறக்கை உள்ள உயர்-இறக்கை மாடல் விமானம். பேட்டரியோடு சேர்த்து எடை 1.4 கிலோ. 3 செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, பிரஷ்லெஸ் மோட்டார், ஆறு சேனல் ரிசீவர். திருநெல்வேலியில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பியும் அவனுடைய கூட்டாளிகளும் சேர்ந்து கட்டியது. ரிப்புகள் (இறக்கையின் விலா எலும்பு போன்ற பலகைகள்) நேராக இருந்தன, மேலே ஒட்டும் கவரிங் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. மூக்கிலிருந்து வால் வரை அக்கறையாகச் செய்த வேலை என்று பார்த்தவுடனே தெரியும். இறக்கை இரண்டு துண்டு. நடுவில் அலுமினியக் குழாய் வைத்துச் சேர்க்கும் வகை. ஒவ்வொரு துண்டின் அடிப்பக்கத்திலும் ஒரு மைக்ரோ சர்வோ, அதாவது ரிமோட் சொல்லும் கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார், படுத்த நிலையில் உட்கார்ந்து, அதனதன் ஏலரானை (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின் விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடலை) அசைக்கும்.

பிசான அறுப்பு முடிந்து, குளங்களில் தண்ணீர் வற்றிய பிறகு மானூர்ப் பக்கம் பறக்கவிட இடத்துக்குப் பஞ்சமில்லை. பங்குனி முழுக்க விடியற்காலையில் இந்த விமானம் அங்கே நன்றாகப் பறந்திருக்கிறது. கத்திரி வெயில் தொடங்கியதும்தான் இடது இறக்கையில் கோளாறு வந்தது.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். இறக்கை சர்வோ என்றதும் எல்லோரும் டார்க் (முறுக்கு விசை) எவ்வளவு, பல் உலோகமா பிளாஸ்டிக்கா, டிஜிட்டலா அனலாக்கா என்றுதான் கேட்கிறார்கள். அந்தச் சர்வோ எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பவர் குறைவு. நம்முடைய வெயிலுக்கும் காற்றுக்கும் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த இருக்கைதான்.

நடந்தது

அன்று காலையில் வேறொரு விமானத்தைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்ததால் இது காரிலேயே கிடந்தது. கார் குளத்துக் கரையோரம், ஒரு உடைமரம்கூட இல்லாத பொட்டலில் நின்றிருக்கிறது. பதினோரு மணிக்கு மேல்தான் எடுத்து இறக்கையைச் சேர்த்தார்கள். டிரான்ஸ்மிட்டரை, அதாவது ரிமோட்டை, போட்டவுடன் இடது ஏலரான் சமநிலையில் நிற்கவில்லை. பின் விளிம்பு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே தொங்கியது. தம்பி அதை ரிமோட்டில் சப்-டிரிம் (சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) வைத்துச் சரிசெய்துவிட்டு விமானத்தை ஏற்றினான்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு சுற்றுக்குப் பிறகு வலது பக்கம் மெல்லச் சாயத் தொடங்கியது. டிரிம்மை இடது பக்கம் தட்டிக்கொண்டே வந்தான். பிறகு வேகமாக ஒரு தாழ்வான கடப்பு எடுத்தபோது இடது இறக்கையிலிருந்து உர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. கூட்டாளி கைபேசியில் எடுத்த வீடியோவில் அந்தச் சத்தம் மோட்டார் இரைச்சலையும் மீறித் தெளிவாகக் கேட்கிறது. ஒரு விநாடிக்குள் ஏலரான் ஹார்ன் (சர்வோவிலிருந்து வரும் கம்பி மாட்டும் கொம்பு) பிய்த்துக்கொண்டது. தம்பி உடனே திராட்டிலைக் குறைத்து, மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, வாலில் உள்ள ரடரை (சுக்கானை) மட்டும் வைத்துத் திருப்பி, வெடித்த களிமண் தரையில் ஒரு மாதிரி இறக்கிவிட்டான். சக்கரக் கால் மடங்கியது, புரொப்பல்லர் உடைந்தது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் திராட்டிலைக் குறைக்கத் தோன்றியது பெரிய விஷயம். ஃபிளட்டர், அதாவது இந்தப் படபடப்பு, வந்த விமானத்தில் வேகத்தைக் கூட்டினால் இறக்கையே மிஞ்சாது.

என்னிடம் கொண்டுவந்தபோது அவன் ஒரு முடிவோடுதான் வந்தான்.

“சர்வோ போயிட்டு அண்ணாச்சி. இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டுருவோமா?”

“முதல்ல அது போயிட்டான்னு பாப்போம் தம்பி. கழட்டாம அப்படியே மேஜையில வை.”

கழற்றாமல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சர்வோவை வெளியே எடுத்துவிட்டால் அதைப் பற்றி மட்டும்தான் தெரியும். அது உட்கார்ந்திருந்த நிலை பற்றிய சாட்சியம் போய்விடும்.

மேஜையில் பார்த்தது

ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்து ஸ்டிக்கை அசைத்தோம். இடது சர்வோ இரு பக்கமும் முழுசாகத் திரும்பியது. தயக்கமோ நடுக்கமோ இல்லை. ஸ்டிக்கை விட்டதும் நடுவுக்குச் சரியாக வந்து நின்றது. 13 கிராம் எடையுள்ள உலோகப் பல் சர்வோ அது; 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-சென்டிமீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டர் நீளக் கையின் முனையில் 1.8 கிலோ, இழுக்கும் என்று எழுதியிருக்கும் வகை. பற்களில் சிறிது தொய்வு இருந்தது. அந்த விலைச் சர்வோவில் புதிதாக எடுத்தாலும் அந்த அளவு இருக்கும்.

அடுத்து, சர்வோவை மின்சாரத்தில் வைத்தபடியே, அதன் கையை (தண்டில் மாட்டி, கம்பியை இழுக்கும் சின்ன நெம்புகோலை) ஒரு விரலால் மெல்ல முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த இறக்கையையும் மூடக் கூடாது. தள்ளும்போது கண் கையின் மேல் இருக்கக் கூடாது. சர்வோவின் உடம்பின் மேல் இருக்க வேண்டும். கை திரும்புகிறதா, உடம்பு நகர்கிறதா, உடம்போடு சேர்ந்து இருக்கை நகர்கிறதா, இருக்கையோடு சேர்ந்து, சர்வோ அறையை அடைக்கும் மூடிப் பலகையே வளைகிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் எது அசைகிறதோ அங்கேதான் நோய்.

இங்கே உடம்பு அசைந்தது. நன்றாகவே அசைந்தது. சர்வோவைத் தாங்கியிருந்தது முப்பரிமாண அச்சில் அடித்த ஒரு கறுப்புச் சட்டம். கல்லூரி இயந்திரத்தில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அடித்தது. சர்வோவைத் திருகும் அதன் இரண்டு காதுகளில் பின்பக்கக் காது கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் சாய்வு. திருகு ஓட்டை வட்டமாக இல்லை. புஷ் ராடு, அதாவது சர்வோ கையையும் ஏலரானையும் இணைக்கும் கம்பி, இழுக்கும் திசையில் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது. சட்டத்தை மூடிப் பலகையோடு ஒட்டியிருந்தது ஹாட் குளூ. அதன் ஒரு ஓரம் மரத்தை விட்டு எழும்பியிருந்தது. நகத்தை விட்டால் உள்ளே போனது.

வலது இறக்கையைத் திறந்தோம். அதே சட்டம், அதே பசை, அதே சர்வோ. ஆனால் காது நேராக இருந்தது, ஓட்டை வட்டமாக இருந்தது. தள்ளினால் சிறு அசைவுதான். ஒரே நாளில், ஒரே கையால் செய்த இரண்டு இறக்கைகளில் ஒன்று மட்டும் ஏன் இளகியது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் மற்றதெல்லாம் விளங்கிவிட்டது.

காரின் பின் கண்ணாடி

இறக்கைத் துண்டுகளைக் காரில் எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். பின் சீட்டுக்கு மேலே, பின் கண்ணாடிக்குக் கீழே, ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே இருந்தது இடது துண்டு. ஹார்ன் இடிக்காமல் இருக்க அடிப்பக்கம் மேலாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அதாவது சர்வோ இருக்கும் பக்கம் நேராக வெயிலைப் பார்த்தபடி. அடிப்பக்கக் கவரிங் கருநீலம். வானத்தில் மேல் எது கீழ் எது என்று தெரிய எல்லோரும் அப்படித்தான் நிறம் மாற்றி ஒட்டுவோம். வலது துண்டு இடது துண்டின் நிழலில் சுகமாகக் கிடந்திருக்கிறது.

சந்தேகம் இல்லாமல் இருக்க அதே காரை, அதே மாதிரி வெயிலில் நிறுத்தி, இடது துண்டின் சர்வோ அறைக்குள் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் ஒயர் முனையை விட்டு வைத்தோம். உச்சிக்கு முன்பே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது.

பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியில் தன் விறைப்பை இழக்கிறது. உருகி ஓடாது, இளகும். இளகிய நிலையில் எந்தப் பக்கம் பாரம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்து, ஆறியதும் அந்தக் கோணலிலேயே இறுகிக்கொள்ளும். அறை வெப்பத்தில் பார்க்கும்போது கல் மாதிரி இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஹாட் குளூவும் இப்படித்தான். குச்சியை உருக்கித்தானே ஒட்டுகிறோம்? காருக்குள் வரும் சூட்டிலேயே அதன் பிடி தளர்ந்துவிடும். பிரித்தானியக் கடற்கரையிலோ கனடாவிலோ பறக்கவிடுபவர் இந்த இரண்டையும் வருடக்கணக்கில் பயன்படுத்திவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வார். அவர் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. சித்திரையில் கங்கைகொண்டானுக்கும் மானூருக்கும் நடுவே கார் நிறுத்துகிறவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேறு பிளாஸ்டிக்கில் அடித்தால் போதாதா என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பி.ஈ.டி.ஜி. சுமார் 80 டிகிரி வரை நிற்கும், ஏ.பி.எஸ். 100 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். அவற்றில் அடித்து, எப்பாக்ஸியில் ஒட்டி, திருகும் போட்டால் குறை சொல்ல முடியாது. ஆனால் பால்சா இறக்கைக்குள் மரக்கட்டை வைப்பது சுலபம், மலிவு, எங்கே வேண்டுமானாலும் செதுக்கலாம், எந்த வெயிலிலும் இளகாது. எனக்கு மரம்தான் முதல் தேர்வு.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். ஏலரான் மூன்று மில்லிமீட்டர் தொங்கியபோதே விமானம் தன் நோயைச் சொல்லிவிட்டது. நேற்று வரை நேராக நின்ற ஏலரான் இன்று தொங்கினால், அதை ரிமோட்டில் சரிசெய்வதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். டிரிம் என்பது பறக்கும்போது வரும் சின்னச் சாய்வுகளைத் தீர்க்க இருப்பது. தரையிலேயே டிரிம் கேட்கும் விமானத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

சர்வோவின் பலம் போதாதா?

பெரிய சர்வோ வேண்டுமா என்ற கேள்வியைக் கணக்கு வைத்தே தீர்த்தோம். ஏலரானின் நீளம் 30 செ.மீ., அகலம் 5 செ.மீ. ஆகப் பரப்பு 0.015 சதுர மீட்டர். வேகமான கடப்பில் விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கோடை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.13 கிலோ. அப்போது காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 353 நியூட்டன். இதைப் பரப்பால் பெருக்கி, அகலத்தால் பெருக்கி, ஏலரான் 20 டிகிரி விலகியிருக்கும்போது கீல் குணகம் 0.25 என்று எடுத்தால், கீலில் வரும் முறுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ-சென்டிமீட்டர். குணகம் தோராயமானதுதான், அளவு புரிவதற்கு இது போதும்.

சர்வோவின் திறன் 1.8. கீல் கேட்பது 0.7. ஆனால் நடுவில் இருக்கும் கம்பி அமைப்பு இந்தக் கணக்கைக் கெடுத்திருந்தது. தம்பி புஷ் ராடை சர்வோ கையின் கடைசி ஓட்டையில், 14 மி.மீ. தொலைவில் மாட்டியிருந்தான். ஏலரான் ஹார்னில் கீழ் ஓட்டை, 10 மி.மீ. இந்த அமைப்பில் சர்வோ 14 டிகிரி திரும்பினாலே ஏலரான் 20 டிகிரி விலகிவிடும். அசைவு அதிகமாக வந்ததால் ரிமோட்டில் சர்வோவின் பயணத்தை (அது திரும்பும் அளவை) மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து வைத்திருந்தான். இப்படிக் குறைப்பதில் மூன்று நஷ்டம். சர்வோ சுமக்கும் முறுக்கு 0.7க்குப் பதில் ஏறக்குறைய 1.0 ஆகிறது. கம்பி இருக்கையை இழுக்கும் விசை 700 கிராம் ஆகிறது. சர்வோ பல்லில் ஒரு டிகிரி தொய்வு இருந்தால் அது ஏலரானில் 1.4 டிகிரியாகப் பெருகுகிறது. பின் விளிம்பில் அது 1.2 மி.மீ. ஆட்டம்.

கையில் 8 மி.மீ. ஓட்டை, ஹார்னில் 16 மி.மீ. ஓட்டை என்று மாற்றினால் எல்லாம் தலைகீழாகும். சர்வோ 40 டிகிரி திரும்பினால் ஏலரான் 19 டிகிரி அளவுக்கு விலகும். சர்வோ சுமப்பது 0.35 கிலோ-சென்டிமீட்டர்தான். இருக்கை மேல் வரும் இழுப்பு 440 கிராமாக இறங்கும். ஒரு டிகிரி தொய்வு அரை டிகிரியாகச் சுருங்கும். ஒரு ரூபாய் செலவில்லை. கம்பியை வேறு ஓட்டைக்கு மாற்றினால் போதும். இருக்கும் சர்வோவே தாராளம் என்று முடிவானது.

ஃபிளட்டர் எங்கிருந்து வந்தது என்பதும் இதோடு விளங்கும். ஏலரான் இறுக்கமாகப் பிடிக்கப்படாமல் இருந்தால் காற்று அதைத் தள்ளும், அது மீளும், மீளும்போது எல்லை தாண்டும், காற்று மறுபடி தள்ளும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேலே ஒவ்வொரு அசைவிலும் காற்றிலிருந்து சக்தியை வாங்கிக்கொண்டே போகும். இளகிய காது, முட்டை ஓட்டை, பெருகிய தொய்வு, மெலிந்த கம்பி, அடைக்காத கீல் இடைவெளி எல்லாம் சேர்ந்து அந்த வேகத்தை, நாம் பறக்கும் வேகத்துக்குள்ளேயே வரும் அளவுக்குக் குறைத்துவிட்டன. கம்பியைச் சொன்னேனே, அது 1.2 மி.மீ. தடிப்பில் 11 செ.மீ. நீளம். நுனியை அழுத்தினால் வில்லாக வளைந்தது. இந்த நிலையில் பெரிய சர்வோ வாங்கிப் போட்டிருந்தால் என்ன ஆகும்? தூண் ஆடும் கிணற்றில் எத்தனை பலமாக ராட்டினக் கயிற்றை இழுத்தாலும், வாளி ஏறுவதற்கு முன் தூண்தான் சாயும்.

மறுபடி பொருத்தியது

இரண்டு பக்கமும் பழைய சட்டத்தை எடுத்துவிட்டோம். வலது நன்றாகத்தானே இருக்கிறது என்று விடவில்லை. அடுத்த முறை மேலே கிடப்பது வலது துண்டாக இருக்கலாம்.

மூடிப் பலகைக்கு 2 மி.மீ. ஏரோ பிளைவுட். அதன்மேல் சர்வோவைப் பிடிக்க இரண்டு கட்டைகள். பாளையங்கோட்டையில் தெரிந்த ஆசாரி ஒருவர் பட்டறையில் கழித்துப் போட்ட தேக்குச் சிம்பு கிடந்தது. கேட்டதும் இழைத்தே கொடுத்தார். 10 மி.மீ. சதுரம், 14 மி.மீ. உயரம். கட்டையை வெட்டும்போது மர ரேகை பார்க்க வேண்டும். திருகு ரேகைக்குக் குறுக்கே இறங்கினால் பிடிப்பு; ரேகையோடு இறங்கினால் பிளக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, காய்ந்தவுடன் ஒட்டினோம்.

பசை, மெதுவாக இறுகும் எப்பாக்ஸி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையும் இருக்கிறது. அவசர வேலைக்கு நல்லது, ஆனால் சூட்டில் அது சீக்கிரம் இளகும். ஒரு ராத்திரி காத்திருக்க மனமில்லாமல் அதைப் போட்டால், பி.எல்.ஏ.வில் பட்ட பாட்டை மறுபடி படவேண்டியிருக்கும். பசையை மட்டும் நம்பாமல் மூடியின் வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சின்னத் திருகு கொடுத்தோம்.

சர்வோ உடம்புக்கும் மூடிக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி. ஒரு அட்டைத் துண்டை நடுவில் வைத்து, காதின் ஓட்டை வழியே பென்சிலால் புள்ளி வைத்து, பிறகு அட்டையை உருவிவிட்டால் போதும். உடம்பு மூடியில் உரசினால் மோட்டார் அதிர்வு முழுக்கச் சர்வோவுக்குள் போகும். பெரிய சர்வோக்களில் இதற்கு ரப்பர் வாஷரும் பித்தளைக் குழலும் வரும். குழலின் அகன்ற விளிம்பு மரத்தின் பக்கம் இருக்க வேண்டும், திருகு எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். பலபேர் இதைத் தலைகீழாகப் போட்டு ரப்பரை நசுக்கிவிடுகிறார்கள். மைக்ரோ சர்வோவில் இந்தத் தொல்லை இல்லை, நேராக மரத்தில் திருகுவதுதான்.

திருகு ஓட்டைக்கு 1.5 மி.மீ. துளை. திருகை ஒருமுறை ஏற்றி இறக்கி, துளைக்குள் மெல்லிய சயனோ பசை ஒரு சொட்டு விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி ஏற்றினோம். மரத்தில் பதிந்த புரி கெட்டிப்பட்டுவிடும். பசை ஈரமாக இருக்கும்போது திருகை ஏற்றிவிடாதீர்கள், பிறகு கழற்ற முடியாது. மூடியின் நான்கு மூலைக்கும் இறக்கைக்குள் கட்டை ஒட்டி, அதிலும் இதே மாதிரி.

கையை மாட்டும் முறையில் ஒழுங்கு முக்கியம். முதலில் ரிமோட்டில் டிரிம், சப்-டிரிம் எல்லாவற்றையும் பூச்சியமாக்க வேண்டும். பயணம் 100 சதவீதம். ரிசீவரை இணைத்து, சர்வோ 1.5 மில்லிவிநாடித் துடிப்பில், அதாவது தன் நடுநிலையில் வந்து நின்ற பிறகுதான் கையை மாட்ட வேண்டும். கை கம்பிக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். பல்லின் இடைவெளியால் அது அமையாவிட்டால், பல் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள தண்டில் கையை அரைச் சுற்றுத் திருப்பி மறுமுனையால் மாட்டிப் பாருங்கள். அரைப் பல் அளவு இடம் மாறும். அநேகமாக அதிலேயே சரியாகிவிடும். மிச்சம் இருக்கும் ஓரிரு டிகிரிக்குத்தான் சப்-டிரிம். நடுத் திருகை மறக்கக் கூடாது.

இரண்டு சர்வோவையும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக வைத்தோம். ஒய்-கேபிள் போடாமல் ஒன்றாம் சேனலிலும் ஆறாம் சேனலிலும் தனித்தனியே கொடுத்தோம். காரணம் டிஃபரன்ஷியல், அதாவது ஏலரான் மேலே போகும் அளவைவிடக் கீழே இறங்கும் அளவைக் குறைத்து வைப்பது. ஏலரான் கீழே இறங்கும் பக்கத்தில் இழுவை அதிகம். அதனால் மூக்கு திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுபடும். தட்டையான அடிப்பாகமுள்ள உயர் இறக்கையில் இது நன்றாகவே தெரியும். மேலே 18 டிகிரி, கீழே 11 டிகிரி என்று வைத்ததும் திருப்பம் சுத்தமாகிவிட்டது.

கம்பி 2 மி.மீ. எஃகு, நீளம் 7 செ.மீ. சர்வோ முனையில் இசட் வளைவு, ஹார்ன் முனையில் கிளெவிஸ் (ஓட்டையில் கவ்விக்கொள்ளும் கொக்கி). கிளெவிஸ் திறந்துகொள்ளாமல் இருக்க சிலிக்கான் குழாயில் வெட்டிய ஒரு வளையம். ஹார்னின் ஓட்டைகள் கீல் கோட்டுக்கு நேர் மேலே வரவேண்டும். பின்னால் தள்ளிப்போனால் மேல் கீழ் அசைவு சமமாக வராது. பிய்ந்த இடத்தில் பால்சா நசுங்கிப்போயிருந்ததால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து பிளைவுட் துண்டு பதித்தோம். கீல் இடைவெளியை அடிப்பக்கத்தில் நிறமில்லாத டேப் போட்டு அடைத்தோம். ஏலரானை முழுசாக மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் டேப் அசைவைத் தடுக்கும்.

ஒயர் வேலையில் ஒன்றே ஒன்று. நீட்டிப்பு ஒயரின் சாக்கெட் இறக்கைக்குள் வெறுமனே செருகியிருந்தது. இந்த விபத்துக்கு அது காரணமில்லை, ஆனால் அடுத்ததற்கு ஆகியிருக்கும். நூலில் ஒரு நட்டைக் கட்டி, இறக்கையைச் சாய்த்து ரிப் ஓட்டைகள் வழியே இறக்கி, புது ஒயரை இழுத்தோம். சாக்கெட்டின் மேல் சுருங்கும் குழாய் போட்டு அனல் காட்டினோம். இனி இழுத்தாலும் வராது.

அடிப்பக்க மூடிக்கு மட்டும் வெள்ளைக் கவரிங். கருநீலத்துக்கு நடுவே வெள்ளைச் சதுரம் அழகாக இல்லை என்று கூட்டாளிகளுக்கு வருத்தம். எனக்கு வருத்தமில்லை.

சோதனை

கீலில் வரக்கூடிய உச்ச முறுக்கு 0.7 என்று கணக்கிட்டோம் அல்லவா, அதைவிடக் கூடுதலாகத் தரையிலேயே கொடுத்துப் பார்க்க எளிய வழி உண்டு. மளிகைக் கடை 200 கிராம் எடைக்கல்லை ஏலரானின் பின் விளிம்பில் தொங்கவிட்டால், 5 செ.மீ. தூரத்தில் அது 1.0 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு. சர்வோ மின்சாரத்தில் இருக்கும்போது பின் விளிம்பு எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலில் பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன் வலது இறக்கையில், அதாவது கெடாத பழைய அமைப்பில் பார்த்தபோது 4 மி.மீ. இறங்கியது. புது அமைப்பில் இரண்டு பக்கமும் 1 மி.மீ.க்குள். அந்த நான்கு மில்லிமீட்டரைப் பார்த்ததும்தான் தம்பிக்கு முழு நம்பிக்கை வந்தது. வெயில் படாத இறக்கைகூட எவ்வளவு தளர்வாகப் பறந்துகொண்டிருந்தது என்று அதில் தெரிந்தது.

அடுத்து, கெட்டுப்போன அதே சூழ்நிலை. இரண்டு துண்டுகளையும் அடிப்பக்கம் மேலாக வைத்து, பூட்டிய காரில் பின் கண்ணாடிக்குக் கீழே மதியம் முழுக்க விட்டோம். எடுத்த சூட்டோடு எடைக்கல் சோதனை. அளவு மாறவில்லை. நடுநிலையும் மாறவில்லை. இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை, இந்த மாவட்டத்தில் செய்யாமல் இருக்கவே கூடாது.

பறக்கவிட்ட இடம் பழைய குளம்தான். நம் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் என்று முக்கியமான இடங்கள் இருக்கின்றன. பொழுதுபோக்கு மாடல் விமானமும் 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளுக்குள் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் பறக்கவிட வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டுத்தான் எந்தப் பொட்டலிலும் இறங்க வேண்டும்.

விடிந்தும் விடியாத நேரத்தில் முதல் பறப்பு. தூரச் சோதனை முடித்து, ஏலரான் சரியான திசையில் அசைகிறதா என்று விமானத்தின் பின்னால் நின்று பார்த்தோம். வலது ஸ்டிக்குக்கு வலது ஏலரான் மேலே. வேலை செய்த பிறகு திசை தலைகீழாகப் போய் முதல் ஐந்து விநாடியில் விழுந்த விமானங்கள் ஏராளம். உயரத்தில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினோம், ஒவ்வொரு படியிலும் ஏலரானை லேசாகத் தட்டிச் சத்தம் வருகிறதா என்று கேட்டபடி. ஒன்றுமில்லை. பிறகு பழைய தாழ்வான கடப்பு, முழு வேகத்தில். மோட்டார் சத்தம் மட்டும்தான். டிரிம் ஒரு சொடுக்குக்கூடக் கேட்கவில்லை.

உண்மையான பரீட்சை ஆனியில் வந்தது. கணவாய் வழியே மேற்கிலிருந்து காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், கயத்தாறு காற்றாலைகள் நிற்காமல் சுற்றும் அந்த மாதங்களில், ஏலரான் ஒரு நொடி சும்மா இருக்காது. நேராகப் பறக்கவே இடது வலது என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும். சர்வோவும் இருக்கையும் கோடையில் ஒரு மாதத்தில் படும் பாட்டை ஒரு காலையில் படும். அந்தக் காற்றில் பறந்து வந்த பிறகு மூடியைத் திறந்து பார்த்தோம். திருகுகள் இறுக்கமாக இருந்தன. கட்டைகளில் விரிசல் இல்லை. எடைக்கல் சோதனையில் அதே 1 மி.மீ. குளத்துப் புழுதி மட்டும் கை வெளியே வரும் பிளவு வழியாக உள்ளே ஏறியிருந்தது. அதற்கு உள்பக்கமாக மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டினோம்.

காரில் இப்போது இறக்கைகளின் மேல் ஒரு பழைய வெள்ளை வேட்டி விரித்து வைக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் வேட்டி மறந்துபோன நாளிலும் இறக்கை தாங்க வேண்டும் என்பதற்குத்தான் கட்டையும் எப்பாக்ஸியும்.

மீதி இருப்பது வால் பகுதி. எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), ரடர் சர்வோக்கள் உடம்புக்குள் நிழலில் இருப்பதால் வெயில் நேராகப் படாது. ஆனால் அவையும் அதே பி.எல்.ஏ. சட்டத்தில், அதே ஹாட் குளூவில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எலிவேட்டர் போனால் ரடரை வைத்து இறக்க முடியாது. அதனால் அதை மாற்றும் வரை வெயில் ஏறிய பிறகு இந்த விமானத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆசாரியிடம் வாங்கிய தேக்குச் சிம்பு இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது, இரண்டு இருக்கைக்கும் அது போதும்.